துண்டை வீசும் கை

“கோடு நீங்க போட்டுருவீங்க. நாங்க உள்ள கலர் அடிக்கணும். அப்படித்தானே சார்?”

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்டபோது அவள் குரலில் கோபம் இல்லை. வேலை என்னவென்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை. முந்தின இரவு கண்விழித்துச் சுவருக்கான படத்தை முழுக்க வரைந்து, மைக்கோடு இழுத்து, சுருட்டிக் கையில் கொண்டுவந்திருந்தேன். அந்தச் சுருளை நான் விரிக்கவே இல்லை. இன்றும் அது வீட்டுப் பரணில் கிடக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012-இல் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று அரைநாள் வகுப்பு. பள்ளியின் சுற்றுச்சுவரில் ஒரு பக்கம் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நிற்கிறது. எதிரே டீக்கடை, அதற்கு அப்பால் ஊருணி. 48 அடி நீளம், 7 அடி உயரம். தேர்தலுக்குத் தேர்தல் சின்னமும், இடையில் காதணி விழாச் சுவரொட்டியும் ஏறி இறங்கிய சுவர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தாய்தான், “பஸ்ஸுக்கு நிக்கிற நேரமெல்லாம் இதத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறோம், நல்லதா எதாச்சும் வரையக் கூடாதா?” என்று கேட்டார். ஊராட்சியும் சரி என்றது. அப்படித் தொடங்கிய வேலை.

பள்ளிச் சுவரில் படம் என்றால் நமக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓவியர் ஒருவரை அழைப்போம். தலைவர்கள், மரம் வளர்ப்போம், ஒரு புத்தகத்திலிருந்து எழும் சூரியன் என்று இரண்டு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் அந்தச் சுவருக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கும் படத்துக்கும் தொடர்பு இருக்காது. பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டோம் என்று சொல்லும் இடங்களில்கூட, பெரும்பாலும் நான் முதலில் செய்யவிருந்ததுதான் நடக்கிறது. ஆசிரியர் கோடு போடுவார், பிள்ளைகள் நிறம் நிரப்புவார்கள், கடைசி நாளில் பிள்ளைகள் கையில் தூரிகையைக் கொடுத்துப் புகைப்படம் எடுப்பார்கள். அந்த மாணவியின் கேள்வி இதையெல்லாம் ஒரே வரியில் தொட்டுவிட்டது.

நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தபோது ஒரு படத்தொகுப்பில் சாந்திநிகேதனின் ஹிந்தி பவனச் சுவரோவியத்தைப் பார்த்தேன். 1946, 47-இல் பினோத் பிஹாரி முகர்ஜி வரைந்தது. இடைக்காலத்துப் பக்தி அடியார்களின் வாழ்வு, மூன்று சுவர்களின் மேற்பகுதியில் ஓர் ஆறு போல ஓடும். நம் இராமானுசரும் அதில் இருக்கிறார். முகர்ஜிக்கு அப்போதே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதிலும் மங்கல். பத்தாண்டுகள் கழித்து முழுப் பார்வையும் போயிற்று. அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி ஒரு குறும்படமே எடுத்தார்.

அந்தச் சுவரை அவர் தனியாக முடித்துவிட முடியாது. ஈரச் சுண்ணாம்பில் வரையும் முறை அது. சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை அன்றைக்கு வரைய முடிந்த அளவுக்கு மட்டும் பூச வேண்டும். அது காய்வதற்குள் நிறப்பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தீட்ட வேண்டும். சாந்து காய்கையில் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகும்போது, நிறமும் அதற்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். வேறு பசை தேவையில்லை. அழித்து எழுதவும் வழியில்லை. சாந்து பூசவும், பொடி அரைக்கவும், பக்கத்தில் நின்று வரையவும் மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கே.ஜி.சுப்ரமணியன். கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்று, பிறகு 1944-இல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார். ஆசிரியருக்குச் சாந்து பூசிய அந்த மாணவர்தான், 2009-இல் தம் 85-ஆம் வயதில், அதே சாந்திநிகேதனில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களைச் சாரம் ஏறிக் கறுப்பு வெள்ளையில் தீட்டினார்.

இந்தக் கதையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மாணவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது என்றால் என்ன என்பதை மட்டும் அன்றுவரை யோசித்ததில்லை.

மறுநாள் வெறும் தாளோடு போனேன். “என்ன வரையலாம்னு எனக்குத் தெரியாது. ஊர்ல கேட்டுட்டு வாங்க” என்றேன். இப்படிக் கேட்டுவிட்டு வரைவது புதிதல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஜூடித் பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகளில், ஒரு வெள்ளக் கால்வாயின் காங்கிரீட் கரையில், 2,754 அடி நீளத்துக்குக் கலிபோர்னியாவின் வரலாற்றைத் தீட்டினார். நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அவரோடு வேலை செய்தார்கள். சட்டத்தின் பிடியில் சிக்கி வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களுக்குக் கூலியும் கொடுத்தார்கள். வரலாறு படித்தவர்களிடமும், அந்த நாட்களை வாழ்ந்து பார்த்த முதியவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வரைந்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்த செய்தி.

எங்கள் பிள்ளைகள் நூறுநாள் வேலை நடக்கும் இடத்துக்கும், டீக்கடை பெஞ்சுக்கும், தங்கள் வீட்டுத் திண்ணைக்கும் போனார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த நோட்டுகளில் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது: கண்மாயில் மீன்பிடித் திருவிழா. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஒருநாள் குறித்து, பக்கத்து ஊர்க்காரர்களும் விடியுமுன்பே கரையில் வந்து நிற்பார்கள். ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஊத்தாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, குறவை. அன்று ஊரில் எந்த வீட்டிலும் வேறு குழம்பு கிடையாது. ஓர் அப்பத்தா, “மழ பொய்ச்சு மூணு வருசம் மீனே பிடிக்கல, அந்த மூணு வருசமும் ஊரே ஊமையாக் கெடந்துச்சு” என்று சொன்னதை ஒரு பையன் அப்படியே எழுதி வந்திருந்தான்.

எனக்கு உடனே சித்தன்னவாசல் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து மிதிவண்டியில் போய்விடலாம். ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனேன். அறிவர் கோயிலின் கூரையில் தீட்டப்பட்டிருக்கும் தாமரைக் குளத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மீன்கள், வாத்துகள், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மூன்று பேர். சமண நூல்கள் சொல்லும் புனிதக் குளம் அது. ஆனால் பிள்ளைகளுக்கு அது கண்மாய்தான். “எரும கூட நம்மூரு எருமையாட்டம் இருக்கு சார்” என்றான் ஒருவன். அங்கே ஒரு கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலின் அர்த்த மண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுத்தவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று சொல்கிறது. ஆசிரியன் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தீட்டியவர்கள் பெயர் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். அது நமக்குக் கிடைக்கவில்லை என்றேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை.

சுவரோவியத்தில் படத்தைவிடச் சுவர்தான் பெரிய வேலை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், வெள்ளையடித்த சுண்ணாம்பின் மேலேயே எமல்ஷன் தீட்டிவிட்டேன். ஐப்பசி மழையில் நனைந்து, தைக்குள் அப்பளம் போல உரிந்து விழுந்தது. பிள்ளைகள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. பிடிப்பில்லாத சுண்ணாம்பின் மேல் எந்த நிறமும் நிற்காது. அதனால் இம்முறை, சுவரைத் தகட்டால் சுரண்டிச் செங்கல் பூச்சு தெரியும்வரை போனோம். வெடிப்புகளைக் கொத்தனார் பூசிக் கொடுத்தார். எங்கள் மாணவன் ஒருவனுக்கு அவர் பெரியப்பா. புதுப்பூச்சு ஒரு மாதமாவது காய வேண்டும். காயாத சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும், எனாமல் பூசினால் இன்னும் மோசம், பிசுபிசுத்துக் கழன்றுவிடும். காய்ந்த பிறகு 40 கிலோ மூட்டை ஒன்று வாங்கிப் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் வெளிச்சுவர் எமல்ஷன். இதற்கே மாசி பிறந்துவிட்டது.

கீழே ஓரடிக்குப் படமே வேண்டாம், செங்காவிப் பட்டை போதும் என்று கொத்தனார் சொன்னார். மண்ணின் ஈரம் செங்கல் வழியாக ஏறி முதலில் அங்கேதான் உப்புப் பூக்கும், அந்த இடம் உரிந்தால் யார் வேண்டுமானாலும் மறுபடி காவி அடித்துக்கொள்ளலாம், படம் கெடாது. நம் வீட்டுச் சுவர்களில் அடிப்பட்டை ஏன் வந்தது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. நிறங்களுக்கும் அதே கணக்கு. கடையில் மின்னுகிற ரோஜாவும் எலுமிச்சையும் மேற்கு வெயிலில் வெளுத்துவிடும். இரும்புச் சத்துள்ள செங்காவியும் மஞ்சள் காவியும் அசையாது. சித்தன்னவாசலில் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்பவற்றில் அவையும் உண்டு. அறிவியல் டீச்சர் இதை வைத்தே ஒரு பாடம் நடத்திவிட்டார்.

மீதி 6 அடி உயரம். 48-ஐ ஆறால் பெருக்கினால் 288 சதுர அடி, 288 கட்டங்கள். இரண்டு சார்ட் தாள்களை ஒட்டி, 96 சென்டிமீட்டருக்கு 12 சென்டிமீட்டர் வெட்டி, இரண்டு சென்டிமீட்டருக்கு ஓரடி என்று கணக்கு டீச்சர் அளவு வகுத்தார். விகிதம் பாடத்தில் தவறாமல் திணறும் ஒருவன்தான் முதலில் அதைச் சுவரில் சரியாகப் போட்டான். ஆனால் தரை சரிவு. சுவரின் மேல்விளிம்பை நம்பிக் கோடு போட்டால் குளத்துத் தண்ணீர் ஒருபக்கம் வழியும். கொத்தனார் நீர் நிரப்பிய ட்யூபைப் பிடித்து மட்டம் காட்டினார். பிள்ளைகள் கலர் சாக்பீஸை இடித்துப் பொடியாக்கி, நூலைத் தோய்த்து, இரு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டினார்கள். ஒவ்வொரு கோடாக எழுந்தது.

வேலைக்கு வந்தவர்கள் 24 பேர். ஆளுக்குப் பன்னிரண்டு கட்டம். சிறு தாளில் எல்லாரும் சேர்ந்து வரைந்த படத்திலிருந்து தத்தம் கட்டத்தைப் பெரிதாக்கினார்கள். இரண்டாம் நாள் மாலை தள்ளி நின்று பார்த்தோம். ஒரு விராலின் தலை ஓரிடத்திலும் உடம்பு நாலு விரல் கீழேயும் இருந்தது. எருமையின் கொம்பு பக்கத்துக் கட்டத்தில் மொட்டையாக முடிந்திருந்தது. தண்ணீர்க் கோடு படிக்கட்டு போல இறங்கியது. அவரவர் கட்டத்துக்குள் அவரவர் சரி. ஓரங்கள்தான் ஒன்றோடொன்று சேரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தெருப் பிள்ளைகள் இன்னொரு தெருவுக்குள் அதிகம் போவதில்லை. வகுப்பில் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், வாசலைத் தாண்டினால் தனித்தனி. கட்டங்களைக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்திருந்தோம். அதனால் யாருக்கு அருகில் யார் என்பது அவர்கள் கையில் இல்லை. விராலின் தலையை வைத்திருந்தவனும் உடம்பை வைத்திருந்தவனும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லாதவர்கள். யார் அழிப்பது என்று ஒரு நாள் முழுக்க நின்றார்கள். நான் தலையிடப் போனேன். கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்து, “விடுங்க சார், அவங்க கட்டம்” என்றார். மறுநாள் காலை இருவருமே அழித்திருந்தார்கள். இரண்டு கட்டத்துக்கும் நடுவில் ஒருவன் ஸ்டூலைப் பிடிக்க, மற்றவன் மீனை ஒரே இழுப்பாகத் தலையிலிருந்து வால்வரை போட்டான். அந்த மீன் கொஞ்சம் கோணல்தான். சுவரிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அது.

நிறம் எடுக்கும்போது ஊரே யோசனை சொன்னது. கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு கட்சி, மஞ்சளும் பச்சையும் வந்தால் வேறு பேச்சு. ஆட்களின் வேட்டிக்கரையைக்கூடப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்துத் தீட்டினார்கள்.

இதெல்லாம் சிறிது. பெரிய சிக்கல் துண்டில் வந்தது. திருவிழாவைத் தொடங்கிவைக்கும் அந்த வெள்ளைத் துண்டை வீசுகிற மரியாதை தலைமுறையாக ஒரு குடும்பத்துக்கு உரியது. அது ஏன் அவர்களுக்கு மட்டும் என்று கேட்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். சுவரில் அந்த ஆளை வரைந்தால் அவர் முகம் யாருடையது? மேல்துண்டு எந்தத் தோளில்? மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன. தலைமையாசிரியர் கவலைப்பட்டார். நானும் பயந்துவிட்டேன். “துண்டே வேண்டாம்ப்பா, மீன் பிடிக்கிறத மட்டும் வரையலாம்” என்றேன். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், சுவரின் இடது மேல்மூலையில், கரைக்கு மேலே வானத்தில், ஒரு வெள்ளைத் துண்டு காற்றில் விரிந்து பறந்துகொண்டிருந்தது. அதை வீசிய கை இல்லை. ஆளும் இல்லை. கீழே எல்லாரும் அப்போதே தண்ணீரில் இறங்கியிருந்தார்கள், இடுப்பளவு நனைந்து, முதுகு காட்டி. வகுப்பில் அன்று அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவிதான் இதைச் சொல்லியிருக்கிறாள். அது அவள் கட்டமும் இல்லை. கட்டத்துக்குரியவனைக் கேட்டுக்கொண்டு, இருவரும் சேர்ந்து வரைந்திருக்கிறார்கள்.

நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். இது பிரச்சினையிலிருந்து நழுவுவதா என்று யோசித்தேன். இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். நழுவப் பார்த்தது நான். எடுத்துவிடு என்று சொன்னவன் நான். அவர்கள் துண்டை எடுக்கவில்லை. அது யாருடையது என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். நானாக இருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டேன், எனக்கு இது தோன்றியிருக்காது.

டீக்கடைப் பெரியவர் ஒருவர் சாலையைக் கடந்து வந்து பார்த்தார். துண்டு வீசும் வீட்டைச் சேர்ந்தவர்.

“கை எங்கடா?”

“யாரு கைன்னு நீங்களே வச்சுக்கங்க அய்யா” என்றான் ஸ்டூலில் நின்றவன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் 24 டீ வந்தது.

எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குள் முடிந்தது. பழைய மாணவர்கள் பாதி கொடுத்தார்கள். பெயர் எழுதலாமா என்று பேச்சு வந்தபோது, சித்தன்னவாசலில் கேள்வி கேட்ட பெண் கட்டாயம் எழுத வேண்டும் என்று நின்றாள். படத்தின் மேல் எழுத மற்றவர்களுக்கு மனமில்லை. கடைசியில் சுவரின் மறுபக்கம், பள்ளிக்குள் பார்க்கும் பக்கத்தில், 24 பெயர்களையும் கொத்தனார் பெயரையும் செங்காவியில் எழுதினார்கள். ஆசிரியர்கள் பெயர் கடைசியில் வருகிறது, சிறிய எழுத்தில்.

அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி போய்விட்டது. சுவரொட்டி ஒட்ட வந்தவர்களை டீக்கடை அக்கா இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். கொத்தனார் சொன்னபடியே அடிப்பட்டையில் உப்புப் பூத்தது. படத்திலும் வலது கோடியில், தண்ணீர்க்குழாய்க்கு மேலே, ஏழெட்டுக் கட்டங்கள் உரிந்துவிட்டன. இந்தத் தை மாதம் இப்போதைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தகடும் உப்புத்தாளுமாக அங்கே உட்கார்ந்தார்கள். பழைய தாளைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“சார், இதுல கெண்டை இருக்கு. நாங்க வேற மீன் போடலாமா?” என்று ஒரு பையன் கேட்டான்.

நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பதில் வந்தது. அவள்தான். இப்போது புதுக்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பு. பேருந்திலிருந்து இறங்கிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

“உங்க கட்டம்தானடா, போடு. ஓரத்துக்கு மட்டும் பக்கத்து ஆளக் கேட்டுக்க.”